வேர் மூச்சுவிட ஓர் அடி உயரம்

காவிரி டெல்டாவில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கு ஒரு முரண் நன்றாகத் தெரியும். கண்ணுக்கெட்டிய தூரம் வயல். ஆனால் காய்கறிக்குச் சந்தையைத்தான் நம்பியிருக்கிறோம். தக்காளியும் கத்தரியும் ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து லாரியில் வருகின்றன. கேரட்டும் முட்டைக்கோசும் மலையிலிருந்து இறங்குகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் வரத்து குறையும், விலை ஏறும். 2021 நவம்பர் மழையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட நாட்களில் "நேற்று ராத்திரி வீட்டில் என்ன குழம்பு?" என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "ரசம்தான் டீச்சர்" என்ற பதில் பல பெஞ்சுகளிலிருந்து வரும்.

பெரும்பாலான மாணவர்களின் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் கொல்லை இருக்கிறது. அங்கே நாலு கத்தரிச் செடி, ஒரு பிடி கீரை போடலாமே என்றால், "மழையில அழுகிடும் டீச்சர்" என்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மை. களிமண் கொல்லையில் தரை மட்டத்தில் போட்ட பாத்தி, காய்கறி விலை உச்சத்தில் இருக்கும் மாதங்களில்தான் மூழ்கிப் போகிறது. இதற்கு எளிய தீர்வு மேட்டுப்பாத்தி. செடியைக் காப்பாற்ற மண்ணை ஓர் அடி உயர்த்துவதே அதன் முழு இரகசியம். பட்டதாரி ஆசிரியராக அறிவியல் நடத்திக்கொண்டே என் வீட்டுக் கொல்லையில் இதைச் செய்துவருகிறேன். வீட்டுக்குக் காய் கிடைப்பதோடு வகுப்பறைக்குப் பாடமும் கிடைப்பதால், அதன் வழிமுறையை இங்கே பகிர்கிறேன்.

நெல்லுக்கு ஆகும், கத்தரிக்கு ஆகாது

தண்ணீர் நிற்கும் அதே மண்ணில் நெல் செழிக்கிறது, கத்தரி சாகிறது. ஏன்?

வேரும் சுவாசிக்கிறது. மண் துகள்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளில் இருக்கும் காற்றிலிருந்து அது ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. மழைநீர் அந்த இடைவெளிகளை நிரப்பிவிட்டால் காற்று வெளியேறிவிடும். நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். எனவே, தேங்கிய நீருக்குள் இருக்கும் வேருக்கு மூச்சுத் திணறுகிறது.

நெற்பயிருக்கு இதைச் சமாளிக்க ஓர் ஏற்பாடு உண்டு. அதன் தண்டிலும் வேரிலும் காற்றறைத் திசு இருக்கிறது. மேலே உள்ள இலைகளிலிருந்து ஆக்சிஜன் இந்தக் குழாய்வழிகளில் இறங்கி வேர்நுனியை அடைகிறது. கத்தரி, மிளகாய், தக்காளிக்கு அந்த வசதி இல்லை. சுவாசம் தடைப்பட்டால் ஆற்றல் கிடைக்காது. ஆற்றல் இல்லாத வேரால் நீரை உறிஞ்சவும் முடியாது. அதனால்தான் தண்ணீரில் நிற்கும் கத்தரிச் செடி, தண்ணீர் இல்லாத செடியைப் போலவே வாடித் தொங்குகிறது. "இவ்வளவு தண்ணி இருந்தும் ஏன் வாடுது?" என்ற கேள்வியை ஒரு மாணவர் கேட்டுவிட்டால், தாவரச் சுவாசம் பற்றிய பாடம் அன்று தானாகவே தொடங்கிவிடும்.

மண்ணை ஓர் அடி உயர்த்தும்போது மேலே விழும் மழை கீழே வடிந்துவிடுகிறது. சுற்றிலும் தரையில் நீர் நின்றாலும், வேர்கள் அதிகம் உள்ள மேல் ஓர் அடியில் காற்று இருக்கிறது.

உங்கள் கொல்லைக்கு இது தேவையா?

மேட்டுப்பாத்தி எல்லா ஊருக்கும் ஏற்றதல்ல. முதலில் இரண்டு எளிய சோதனைகள் செய்யுங்கள்.

முதலாவது, குழிச் சோதனை. ஓர் அடி ஆழத்தில் ஒரு குழி தோண்டி நீர் நிரப்பி வடியவிடுங்கள். மீண்டும் ஒருமுறை நிரப்பிக் கடிகாரத்தைப் பாருங்கள். நான்கு மணி நேரத்துக்குப் பிறகும் நீர் நின்றால் மழைக்காலத்தில் உங்களுக்கு மேட்டுப்பாத்தி வேண்டும். அரை மணி நேரத்தில் வடிந்துவிட்டால் தேவையில்லை.

இரண்டாவது, பாட்டில் சோதனை. ஒளி ஊடுருவும் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதிக்கு நீர் விட்டு நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். களி படிய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். படிந்த அடுக்குகளை அளவுகோலால் அளந்தால் உங்கள் மண்ணின் கலவை தெரிந்துவிடும்.

கடலோர மணற்பாங்கான ஊர்களிலும், மழை குறைந்த இராமநாதபுரம், தூத்துக்குடி போன்ற மாவட்டங்களின் வறண்ட பகுதிகளிலும் மேட்டுப்பாத்தி விரைவில் காய்ந்துவிடும். அங்கே தரையைவிடச் சற்றுத் தாழ்ந்த பள்ளப்பாத்தியே நல்லது. அது கிடைக்கும் சிறிதளவு நீரையும் வேருக்கு அருகில் பிடித்துவைக்கும். இந்த ஒப்பீடே சமூக அறிவியலுக்கு ஒரு நல்ல செயல்பாடு: ஒரே மாநிலத்தில் ஓர் ஊர் பாத்தியை உயர்த்துகிறது, இன்னோர் ஊர் தாழ்த்துகிறது.

இடம், திசை, அளவு

நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் படும் இடமாகப் பாருங்கள். தென்னை, முருங்கை ஆகியவற்றின் அடியைத் தவிர்த்துவிடுங்கள்; நிழலும் விழும், வேரும் பாத்திக்குள் புகும். கிணறு அல்லது குழாய்க்கு அருகில் இருந்தால் பராமரிப்பு எளிது.

அகலம் 4 அடிக்கு மேல் வேண்டாம். இரு பக்கமும் நின்று கையை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும். பாத்திக்குள் கால் வைக்கக் கூடாது என்பது முதல் விதி. மிதித்தால் மண் இறுகும். இறுகினால் காற்று போய்விடும். நாம் உயர்த்தியதன் நோக்கமே கெட்டுவிடும். சிறுவர்கள் வேலை செய்யும் பாத்தி என்றால் 3 அடி அகலம் போதும். நீளம் 8 அடி என்று வைத்துக்கொள்வோம்.

நீளவாக்கை கிழக்கு மேற்காக அமைத்து, கொடிகளை வடக்கு ஓரத்தில் வையுங்கள். நம் டெல்டா ஏறத்தாழ 11° வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரையில் ஒரு நாளும் ஆவணியில் ஒரு நாளும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நம் மாணவர்கள் அறிந்த நிழலில்லா நாள் அதுதான். மார்கழியிலோ நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து சுமார் 56° உயரத்தில்தான் இருக்கும். நிழல் வடக்கே விழும். கொடி வடக்கில் இருந்தால் அதன் நிழல் பாத்திக்கு வெளியே போய்விடும்.

கரை கட்டுதல்

பாத்தி அமையும் இடத்தில் கோரை, அறுகு இருந்தால் கிழங்கோடு தோண்டி எடுத்துவிடுங்கள். கோரைக் கிழங்கு மண்ணுக்குள் தங்கினால் எத்தனை உயரம் மண் போட்டாலும் துளைத்துக்கொண்டு வரும். பிறகு அடித்தரையைக் கடப்பாரையால் ஓர் சாண் ஆழத்துக்கு நெகிழ்த்திவிடுங்கள். கீரைக்கு மேலே உள்ள ஓர் அடி மண் போதும். கத்தரி வேர் அதற்கும் கீழே இறங்கும்.

கரைக்குச் செங்கல் எளிது. சாந்து பூசாமல் அடுக்கினாலே போதும். இடுக்குகள் வழியே நீர் வடியும். 9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம், 3 அங்குல உயரம் உள்ள செங்கல் என்றால், 8 அடிக்கு 4 அடி உட்பரப்புள்ள பாத்திக்கு ஒரு வரிசைக்கு 34 கல், ஓர் அடி உயரத்துக்கு நான்கு வரிசை, மொத்தம் 136 கல் வேண்டும். உடைசலுக்குச் சேர்த்து 150 என்று கொள்ளலாம். கல் வெளியே சரியாமல் இருக்க மூலைகளிலும் நடுவிலும் மூங்கில் முளைக்குச்சி அடித்துவிடுங்கள். பழைய ஹாலோபிளாக், பிளந்த பனை, தென்னை மரத்துண்டு எதுவும் ஆகும். மரத்துண்டு சில ஆண்டுகளில் மக்கும்; கறையான் ஏறினால் வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வைப்பது நல்லது.

கரையே இல்லாமலும் செய்யலாம். சுற்றிலும் ஓர் அடி அகல வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணை நடுவில் கூட்டி, பக்கங்களைச் சரிவாகத் தட்டிவிட்டால் அதுவும் மேட்டுப்பாத்திதான். எங்கள் பள்ளி எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் இப்படித்தான் செய்தார். செங்கல் வாங்க வீட்டில் வசதி இல்லை, மண்வெட்டி இருந்தது. கார்த்திகை மழைக்கு நடுவே ஒரு நாள் கொடிப்பசலைக் கீரையை ஒரு கட்டாகக் கட்டிச் சத்துணவுக் கூடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார். "எங்க கொல்லையில தண்ணி நிக்குது டீச்சர், ஆனா பாத்தியில நிக்கல" என்று அவர் சொன்னதைவிடச் சரியான முடிவுரையை எந்தச் செய்முறைப் பதிவேட்டிலும் நான் படித்ததில்லை.

மண் கலவை

8 × 4 × 1 = 32 கன அடி. ஒரு கன அடி சுமார் 28.3 லிட்டர். ஆக மொத்தம் ஏறத்தாழ 906 லிட்டர். வீட்டில் கிடக்கும் 20 லிட்டர் பெயிண்ட் வாளியால் அளந்தால் 45 வாளி.

இதில் பாதி மண், கால் பங்கு நன்கு மக்கிய தொழு உரம், கால் பங்கு மக்கிய தென்னை நார்க்கழிவு. அதாவது 23 வாளி மண், 11 வாளி உரம், 11 வாளி நார்க்கழிவு. கொல்லை மண் கெட்டிக் களியாக இருந்தால் மண்ணின் பங்கில் பாதியைச் செம்மண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள். நார்க்கழிவு கிடைக்காத இடத்தில் அரிசி ஆலையிலிருந்து கருக்கிய உமி வாங்கிக் கலக்கலாம். ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்குத் தூள் சேர்த்தால் வேர்ப்புழுக்கள் கட்டுப்படும்.

"மக்கிய" என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். மக்காத சருகும் நார்க்கழிவும் மண்ணுக்குள் போனால், அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் தமக்குத் தேவையான நைட்ரஜனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். செடிக்குப் பற்றாக்குறை ஏற்பட்டு இலை மஞ்சளாகும். பச்சைச் சாணத்தில் களை விதையும் காண்டாமிருக வண்டின் புழுவும் சேர்ந்து வரும். தொழு உரம் கறுத்து, உதிரியாகி, மண்வாசனை வந்திருந்தால் மக்கிவிட்டது என்று பொருள்.

முதல் மழைகளில் கலவை இரண்டு மூன்று அங்குலம் அமுங்கும். கவலை வேண்டாம். ஒவ்வொரு பட்டத்துக்கும் முன் இரண்டு அங்குலம் மக்கிய உரம் மேலே பரப்பினால் சரியாகிவிடும்.

எதை, எங்கே, எப்போது

32 சதுர அடியை இப்படிப் பிரிக்கலாம். வடக்கு ஓரத்தில் 8 × 1 அடி: இரண்டடிக்கு ஒன்றாக நான்கு அவரை அல்லது பாகல், மூங்கில் பந்தலோடு. நடுவில் 8 × 2 அடி: இரண்டடி இடைவெளியில் நான்கு கத்தரி. தெற்கு ஓரத்தில் 8 × 1 அடி: கீரை.

கீரைப் பகுதியை இரண்டிரண்டு அடியாக நான்கு துண்டாக்கி, வாரம் ஒரு துண்டில் விதையுங்கள். முளைக்கீரை ஏறத்தாழ 25 நாளில் பறிப்புக்கு வரும். நான்காம் துண்டு விதைத்த அடுத்த வாரம் முதல் துண்டு தயாராகிவிடும். பறித்த இடத்தில் மறுபடி விதைத்தால் சுழற்சி நிற்காது. வாரம் ஒரு நாள் வீட்டில் கீரை உறுதி. பொடி விதை என்பதால் நான்கு பங்கு மணலோடு கலந்து தூவினால் சீராக விழும்.

ஆடிப்பட்டத்தில் அவரையும் கத்தரி நாற்றும் தொடங்கினால், மழை வருவதற்குள் வேர் பிடித்துவிடும். அவரை பொழுது குறுகும் பனிக்காலத்தில் நன்றாகக் காய்க்கும். அடைமழையின்போது விதைத்த கீரைக்கு மேல் சில நாட்களுக்குத் தென்னங்கீற்றைச் சற்று உயரமாக வைத்தால் மழைத்துளி நாற்றை அடித்துச் சாய்க்காது. தக்காளி மட்டும் மேட்டுப்பாத்தியிலும் அடைமழையில் சிரமப்படும். அதற்குத் தைப்பட்டமே ஏற்றது. கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி இரண்டும் மழை ஈரத்தைத் தாங்கும்.

கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒரே இடத்தில் அடுத்தடுத்துப் போட்டால் நோயும் பூச்சியும் அங்கேயே தங்கிவிடும். கத்தரி எடுத்த இடத்தில் கொத்தவரை அல்லது தட்டைப்பயறு போடுங்கள். அவற்றின் வேர் முடிச்சில் வாழும் ரைசோபியம் நைட்ரஜனை நிலைநிறுத்தும். ஒரு செடியைப் பிடுங்கி முடிச்சைக் காட்டினால் பாடப்புத்தகப் படத்துக்கு உயிர் வந்துவிடும்.

நீரும் பூச்சியும்

மேட்டுப்பாத்தியின் குறை, கோடையில் சீக்கிரம் காய்வது. இரண்டு அங்குலம் வைக்கோல் மூடாக்கு போட்டால் ஆவியாதல் வெகுவாகக் குறையும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்று நீர் வேண்டாம். சித்திரை வெயிலில் காலை, மாலை இருவேளையும் தேவைப்படலாம். சோப்பு கலந்த குளியல் நீரை வாழைக்கு விடலாம். கீரைக்கு விட வேண்டாம்.

கத்தரியின் நுனித்தண்டு வாடித் தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. வாடிய பகுதிக்குச் சற்றுக் கீழே கிள்ளி அழித்துவிடுங்கள். அசுவினி, வெள்ளை ஈக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் போதும்: 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதி சோப்பு கரைத்து மாலையில் தெளிக்க வேண்டும். 1000 மில்லி லிட்டருக்கு 50 கிராம் என்றால் எத்தனை சதவீதம் என்று ஏழாம் வகுப்பைக் கேளுங்கள்.

வகுப்பறைக்கு வருபவை

எண்ணும் எழுத்தும் வகுப்புக் குழந்தைகளுக்கு அவரை விதையும் பாகல் விதையும் எண்ணவும் வகைப்படுத்தவும் உதவும். நான்கு, ஐந்தாம் வகுப்புக்குச் சுற்றளவு, பரப்பளவு. ஆறு முதல் எட்டு வரை கன அளவு, விகிதம், சதவீதம். உயர்நிலை வகுப்புக்குச் சுவாசம், நைட்ரஜன் சுழற்சி, பறித்த எடையைக் கொண்டு வரைபடம், சராசரி.

தேசிய பசுமைப்படை இருக்கும் பள்ளிகளில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரே அளவில் ஒரு மேட்டுப்பாத்தி, அருகிலேயே ஒரு தரைப்பாத்தி. ஒரே கலவை, ஒரே விதை, ஒரே நாள். ஒரு கனமழைக்குப் பிறகு இரண்டையும் அளந்து எழுதச் சொல்லுங்கள். மாறுவது உயரம் மட்டுமே என்பதால், மாறி, மாறிலி என்ற கருத்து மாணவர்களுக்கு எளிதில் புரியும்.

இதில் உடல்நலமும் அடங்கியிருக்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை உள்ளது. வளரிளம் மாணவியருக்கு நம் கையாலேயே வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். கீரை அந்த மாத்திரைக்கு மாற்றல்ல; கீரையில் உள்ள இரும்பை உடல் குறைவாகவே உறிஞ்சும். ஆனால் எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி போன்ற வைட்டமின் சி உள்ளவற்றோடு சேர்த்து உண்டால் உறிஞ்சப்படும் அளவு கூடும். விலை ஏறிய கார்த்திகையிலும் கொல்லையில் கீரை நின்றால், ரசம் மட்டுமே இருந்த தட்டில் ஒரு கூட்டாவது சேரும்.

ஆனி, ஆடி விடுமுறை நாட்களில் இருவர் சேர்ந்தால் இரண்டு நாளில் ஒரு பாத்தி எழுந்துவிடும். முதலில் நம் வீட்டில் ஒன்று அமைப்போம். மழை விட்ட மறுநாள் காலை அதில் விரலை விட்டுப் பார்ப்போம். ஈரம் இருக்கும், தண்ணீர் நிற்காது. அதைச் செல்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போய், "மழையில அழுகிடும்" என்று சொன்ன பெஞ்சில் முதலில் காட்டுவோம்.